கயையில் விட்ட மாங்காய்

என் மன்னி நாகலக்ஷ்மி உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். மற்ற நாளெல்லாம் எங்களுக்குப் பரிமாறி முடித்ததும் தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுவாள். அது ஆசாரம் இல்லை என்று ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு முறை சொல்லிப் பார்த்தார்கள். "சரி" என்பாள். சொல்லிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவாள். புத்தி சொன்னவர் மீதி வாக்கியத்தைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மன்னார்குடிப் பக்கத்தில் பிறந்தவள். பதினோரு வயதில் என் அண்ணா சிவராமகிருஷ்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு, பதினாறு வயதில் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணாவுக்கு அலிப்பூரில் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா வேலை. ஒரு வார்த்தை பேசுவதென்றாலும் மேலதிகாரியின் உத்தரவு வந்த பிறகுதான் பேசுவாரோ என்று தோன்றும், அவ்வளவு வாயாடி. நான் வைத்தீஸ்வரன், அவருடைய தம்பி. 1905-இல் அப்பா காலமான பிறகு அண்ணா என்னையும் வரவழைத்து, கிடர்பூர் துறைமுகத்தில் கப்பல் சரக்கைச் சரிபார்க்கும் வேலையில் சேர்த்துவிட்டார். அந்த வீட்டில் கேட்ட பேச்செல்லாம் மன்னியுடையதும் என்னுடையதும்தான்.

சேத்லாவில் ஒரு சந்துக்குள் கீழ்த்தளத்தில் எங்களுக்கு இரண்டு அறை. மாடியில் வீட்டுக்காரர் குடும்பம். வீட்டுக்காரரின் மனைவி நிஸ்தாரிணி மன்னியைவிடப் பத்து வயது பெரியவள். மன்னி அவளை அக்கா என்ற அர்த்தத்தில் 'தீதி' என்பாள். அவள் மன்னியை 'பௌ' என்பாள், நம் ஊரில் மாட்டுப்பெண் என்பதுபோல. முற்றத்தில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு மாமரம் இருந்தது. ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்கு வங்காளி தெரியாது. மரத்தடியில் பிஞ்சு பொறுக்கப் போய்த்தான் இருவரும் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

பங்குனியில் பிஞ்சு உதிர ஆரம்பித்தால் ஆனி முடிகிறவரை மன்னியைப் பிடிக்க முடியாது. விளக்கெண்ணெய் தடவி உப்பில் குலுக்கிய மாவடு, துருவிக் கிளறிய தொக்கு, வெந்தய மாங்காய், வெல்லப் பச்சடி, மாங்காய் சாதம் என்று நாள் தவறாமல் ஏதாவது நடக்கும். பழம் வந்துவிட்டால் மோர்க்குழம்பு. நிஸ்தாரிணி அவளுக்கு ஆம்சத்தோ கற்றுக்கொடுத்தாள். மாம்பழச் சாற்றைப் பாயில் தடவிக் காயவைத்து, அதன்மேல் மறுபடி மறுபடி தடவிக் காயவைத்துப் பாளமாக உரித்தெடுப்பார்கள். துறைமுகத்தில் பசிக்கும்போது நான் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டால் சாயங்காலம்வரை தாங்கும். மன்னி பதிலுக்குத் தொக்கு கற்றுக்கொடுத்தாள். நல்லெண்ணெய் நாற்றம் என்று நிஸ்தாரிணி மூக்கைப் பொத்துவாள், கடுகெண்ணெய் நாற்றம் என்று மன்னி பொத்துவாள், இரண்டு பேரும் அடுத்தவள் ஜாடியைக் காலி பண்ணுவார்கள்.

எங்கள் வீட்டுக்கு டாக்டர் வந்ததே இல்லை. வெயிலில் நடந்து தலை கிறுகிறுத்து வந்தால், தணலில் சுட்ட மாங்காயைப் பிசைந்து, வெல்லமும் உப்பும் வறுத்த ஜீரகமும் போட்டுக் கரைத்து ஒரு சொம்பு நீட்டுவாள். இதுவும் நிஸ்தாரிணியின் பாடம்தான். வயிற்றுக்கு ஆகாவிட்டால் மாங்கொட்டைப் பருப்பைப் பொடித்து மோரில் கலந்து கொடுப்பாள். வாயில் வைத்துப் பார்த்துச் சமைப்பது எச்சில் என்பதால் உப்பும் புளிப்பும் சரியா என்பதை மூக்கால் கண்டுபிடிப்பாள். சும்மா சொல்லக் கூடாது, ஒரே ஒரு நாளைத் தவிரத் தப்பியதில்லை.

இப்படி ஓடிக்கொண்டே இருந்தவளுக்கு நடுவில் இரண்டு அடி விழுந்தது. நான் வருவதற்கு முந்தின வருஷம் ஒரு ஆண் குழந்தை பிறந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போயிற்று. நான் வந்த மறு வருஷம் ஐந்தாம் மாதத்திலேயே ஒன்று கலைந்தது. அதற்கு முன்பும் மன்னி ஓடினவள்தான். அதற்குப் பிறகு அவளுக்கு நிற்கவே பயம் வந்துவிட்டது. துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்குவாள். காய்ந்த துணியை எடுத்து நனைத்து மறுபடி உலர்த்துவாள். நான் பக்கத்தில் நின்று ஏதாவது வம்பளந்து அவளைச் சிரிக்கவைக்கப் பார்ப்பேன்.

1908 தை மாதம் அப்பாவுக்குக் கயா சிராத்தம் செய்ய மூன்று பேரும் கிளம்பினோம். கயையில் பிண்டம் போட்டு முடித்ததும் அக்ஷய வடம் என்கிற ஆலமரத்தின் அடியில் பிடித்த காய் ஒன்றும் பழம் ஒன்றும் விட்டுவிட வேண்டும். விட்டால் விட்டதுதான், ஆயுசுக்கும் தொடக் கூடாது. எல்லாருமே ரயிலில் போகும்போதே யோசித்து, தங்களுக்கு எது பிடிக்காதோ அதைப் பிடித்தது என்று சொல்லி விட்டுவிட்டு வருவார்கள். பகவானுக்கும் இது தெரியும், பேசாமல் இருக்கிறார். அண்ணா பாகற்காயும் விளாம்பழமும் என்று முடிவு செய்தார். எனக்குக் கொத்தவரங்காய். மன்னி மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் ஓரத்திலிருந்து கதவோரத்துக்கும், கதவோரத்திலிருந்து ஜன்னலுக்கும் இடம் மாறிக்கொண்டே வந்தாள்.

மரத்தடியில் ஒரே தள்ளுமுள்ளு. சடங்கு செய்துவைத்த எங்கள் பண்டா தென்னாட்டு யாத்ரீகர்களைப் பார்த்துப் பார்த்துத் தமிழ் பேசப் பழகினவர். அண்ணாவை முடித்துவிட்டு மன்னியின் பக்கம் திரும்பி, "அம்மா, நீ என்ன விடறே?" என்றார்.

"மா" என்றாள் மன்னி. பத்து பேருக்குக் கேட்கும் குரலில் சொன்னாள். "மாமரத்துல காய்க்கறது எல்லாம். பிஞ்சு, காய், பழம், வத்தல், ஊறுகாய், ஒண்ணும் வேண்டாம்."

அண்ணா சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அதற்குள் பண்டா தண்ணீரை விட்டு மந்திரத்தை முடித்து அடுத்த குடும்பத்திடம் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. மாவடுவும் தொக்கும் போச்சே என்பதுதான் என் முதல் கவலை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஏறினதும் பிடித்துக்கொண்டேன். "ஏன் மன்னி, ஒலகத்துல வேற காயே கெடைக்கலையா ஒங்களுக்கு?"

"பிடிக்காததைக் குடுத்தா அது குடுத்ததா வைத்தி? குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டினதுன்னா அது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான் சும்மா குடுக்கலை. ஒண்ணு கேட்டுண்டு குடுத்திருக்கேன்" என்றாள். என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

பங்குனி வந்தது. மரத்தில் பிஞ்சு பிடித்தது. நான் பயந்ததுபோல் மன்னி எங்களைப் பட்டினி போடவில்லை. "நான்தானே விட்டேன், நீங்களா விட்டேள்?" என்று வழக்கத்தைவிட இரண்டு ஜாடி அதிகமாகவே போட்டாள். பங்குனி பாதியில் அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்தது. கயையில் கேட்டது கிடைத்துவிட்டது. அண்ணா ஆபீஸுக்குப் போகும்போது தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். சந்து முனையில் நான் பக்கத்தில் போய்க் கேட்டேன். பாட்டு!

ஆனால் மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கையை நான் கேள்விப்பட்டதுகூட இல்லை. சாதம் தங்கவில்லை. கஞ்சி தங்கவில்லை. வருஷப் பிறப்பன்று வேப்பம்பூவும் வெல்லமும் போட்டு மாங்காய்ப் பச்சடி செய்து எங்களுக்குப் பரிமாற வந்தவள், கரண்டியோடு சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மூக்கு மட்டும் அந்தக் கிண்ணத்தின் பக்கமே திரும்பியிருந்தது. அவள் வயிறு எதைக் கேட்கிறது என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்தது.

உண்மையை வெளியில் கொண்டுவந்தவள் நிஸ்தாரிணி. மன்னி மரத்தடியில் நின்று, ஒரு பிஞ்சின் காம்பைக் கிள்ளி, வடிந்த பாலை முகர்ந்துகொண்டிருந்ததை மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். இறங்கி வந்து ஒரு பிடி பிடித்தாள். பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தை வாழ்நாள் பூரா ஜொள்ளு விடுமாம். எங்கள் ஊரில் குழந்தையின் காதில் சீழ் வடியும் என்பார்கள். ஜொள்ளா சீழா என்று நானும் அவளும் முற்றத்தில் நின்று வழக்காடிக்கொண்டிருந்தபோது மன்னி கிணற்றடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும் மன்னி? வாயை விட்டுச் சொல்லுங்கோ" என்றேன்.

"மாங்காய்தான். வேற ஒண்ணும் எறங்காது, எனக்கே தெரியறது" என்றாள். "ஆனா தொட மாட்டேன். தொட்டா கயையில குடுத்ததைத் திரும்பி எடுத்துண்டதா ஆயிடும். அங்கேயும் குடுத்ததைத் திரும்பி எடுத்துண்டுடுவா."

நான் சும்மா இருப்பேனா? ஊரில் இருக்கிற புளிப்பையெல்லாம் தேடி அலைந்தேன். கந்தராஜ் எலுமிச்சை கொண்டுவந்தேன். சாந்த்ராகாச்சியில் ஒரு சிநேகிதன் தோட்டத்திலிருந்து நார்த்தங்காய் கொண்டுவந்தேன். நிஸ்தாரிணி இலந்தைப்பழ ஊறுகாய் கொடுத்தாள். புளியைக் கரைத்து வெல்லம் போட்டுக் கொடுத்தோம். எல்லாம் போன வழியே வந்தது. பத்து நாளில் மன்னியின் வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. எங்கள் வீட்டு வாசற்படியை முதல் முறையாக ஒரு டாக்டர் மிதித்தார். நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், வெளியில் வந்து அண்ணாவிடம் இங்கிலீஷில் சொன்னார்: "எது வயிற்றில் தங்குகிறதோ அதைக் கொடுங்கள். இப்படியே இன்னும் ஒரு வாரம் போனால் குழந்தை நிற்காது. தாய்க்கும் நான் பொறுப்பு சொல்ல முடியாது."

இந்த நிலைமையிலும் அவள் படுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறையிலிருந்து கிணற்றடி, கிணற்றடியிலிருந்து மரத்தடி, அங்கிருந்து மறுபடி சமையலறை என்று நடந்துகொண்டே இருந்தாள். அவள் நடக்கிற சத்தம் கேட்டால் எரிச்சலாக இருக்கும். நின்றுவிட்டால் உயிரே போய்விடும், ஓடிப்போய்ப் பார்ப்பேன். அண்ணாவோ சாயங்காலமானால் சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உலாத்துவார். "நீங்க சொன்னா கேப்பா, சாப்பிடுன்னு சொல்லுங்கோ" என்று நான் முட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி நடப்பார். அந்த மனுஷரைப் பிடித்து உலுக்கலாமா என்று இருந்தது.

வருஷப் பிறப்புக்கு மறுநாளே யாருக்கும் சொல்லாமல் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். கும்பகோணத்தில் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த மஹாதேவ சாஸ்திரிகளுக்கு எல்லா விவரமும் எழுதி, இதற்கு வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் துறைமுக விலாசத்துக்கு வரட்டும் என்று எழுதினேன். டாக்டர் வந்துபோன மூன்றாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், கார்டு வந்தது. படித்துவிட்டு அங்கேயே ஒரு குதி குதித்தேன். டிராமுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வெயிலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேத்லாவுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

வீட்டுக்குள் நுழையும்போது வடமேற்கில் வானம் கறுத்துவிட்டது. வைகாசி பிறப்பதற்கு முன்னாலேயே கல்கத்தாவில் சாயங்காலப் புயல் ஆரம்பித்துவிடும். காற்று அப்போதுதான் கிளம்பியிருந்தது. சனிக்கிழமை அரை நாள் என்பதால் அண்ணா வீட்டில் இருந்தார். மன்னி அடுப்பங்கரைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டே கார்டை உரக்கப் படித்தேன்.

'பர்த்தாவின் சம்மதம் இல்லாமல் ஸ்திரீக்குத் தனியாக வ்ரதம் என்பது கிடையாது. கயையில் சிரஞ்சீவி சிவராமகிருஷ்ணன் சம்மதம் கொடுக்காத பக்ஷத்தில், நாகலக்ஷ்மி விட்டது விட்டதாகவே ஆகாது. மாங்காய் தாராளமாகச் சாப்பிடலாம். தோஷமில்லை.'

"கேட்டேளா மன்னி? வ்ரதமே இல்லை! அண்ணா அன்னிக்கு வாயே தெறக்கலை, நான் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன். அண்ணா, 'நான் சம்மதிக்கலை'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. தீந்தது!"

மன்னி நடப்பதை நிறுத்தினாள். சந்தோஷப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்போ நான் விடவே இல்லையா?" என்றாள்.

"இல்லைன்னுதான் சாஸ்திரிகளே எழுதியிருக்கார்."

"ரெண்டு கொழந்தை போச்சே வைத்தி, அப்போ என் சம்மதம் யாராவது கேட்டாளா? கல்யாணம் பண்ணி வெச்சா, கல்கத்தாவுக்கு அனுப்பிச்சா, ஒண்ணும் என்னைக் கேட்டு நடக்கலை. நானா செஞ்சது இந்த ஒண்ணுதான். எனக்கு ரொம்பப் பிடிச்சதை எடுத்துக் குடுத்தேன். அதுகூட நடக்கலைங்கறியா? அப்போ இந்தக் கொழந்தை எப்படி வந்தது? அதையும் இல்லைன்னு ஒரு கார்டு எழுதி வாங்கிண்டு வந்துடுவியா?"

அவளைக் காப்பாற்ற ஓடி வந்தவன் நான். அவள் என்னைப் பார்த்த பார்வையில் திருடனாகிவிட்டேன். கோபத்தை அவளிடம் காட்ட முடியாமல் அண்ணாவிடம் திரும்பினேன். "என்ன கல்லு மாதிரி நிக்கறேள்? சொல்லுங்கோ அண்ணா! நீங்க சம்மதிக்கலைதானே?"

புயல் வந்து மோதியது. ஜன்னல் கதவு படீரென்று அடித்துக்கொண்டது. முற்றத்தில் மாங்காய்கள் தொப்புத் தொப்பென்று விழ ஆரம்பித்தன. மாடியிலிருந்து நிஸ்தாரிணியும் அவள் வீட்டாரும் கூடையோடு கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கி ஓடினார்கள். அந்த இரைச்சலில் அண்ணா சொன்னது எனக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார்.

"நான் சம்மதிச்சேன்."

"பொய்! நீங்க ஒரு வார்த்தை பேசலை!"

"பேசலை. தடுக்கணும்னு வாயைத் தெறந்தேன். அவ மூஞ்சியைப் பாத்தேன். எனக்குத் தடுக்க மனசு வரலை, மூடிண்டுட்டேன். அது சம்மதம்தான் வைத்தி." மன்னியின் பக்கம் கையைக் காட்டினார். "நான் பாகக்காயை விட்டுட்டு வந்தவன். அவ நெஜமா விட்டா. அது அவ வ்ரதம். நடக்கவே இல்லைன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

"அவளைக் கொன்னுடுவேள் நீங்க!" என்று கத்தினேன். பெரியவர் என்றும் பார்க்காமல் இன்னும் என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுதுகிற மாதிரி வார்த்தைகள் இல்லை. அண்ணாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மன்னி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே கதவருகே போனாள், தாழ்ப்பாளைத் திறந்தாள், முற்றத்தில் இறங்கினாள். மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. "ஓ பௌ! பாகல் ஹோலே நாகி!" என்று நிஸ்தாரிணி கத்தினாள், பைத்தியமா பிடித்துவிட்டது உனக்கு என்று. மன்னி குனிந்து, காலடியில் கிடந்த ஒரு பச்சை மாங்காயை எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி உள்ளே வந்தாள்.

நானும் அண்ணாவும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அவள் எங்களைப் பார்க்கவில்லை. அடுப்புத் தணலைக் கிளறி மாங்காயை அதில் போட்டாள். தோல் கறுத்து வெடித்ததும் வெளியே தள்ளி, சூட்டோடு உரித்து, கிண்ணத்தில் பிசைந்தாள். வெல்லத்தைத் தட்டிப் போட்டாள். வறுத்த ஜீரகத்தை உள்ளங்கையில் கசக்கித் தூவினாள்.

"நாகு" என்றார் அண்ணா.

"இல்லாத வ்ரதம்னு சொல்லிக் குடுத்தா எனக்கு வேண்டாம்" என்றாள் மன்னி. "இருக்குன்னு நீங்க சொல்லிட்டேள். அது போறும். விட்டது நான், எடுத்துக்கறதும் நான். முறிச்சதுக்குப் பாவம் உண்டுன்னா என் தலையில வரட்டும். கொழந்தைக்கு அதுல பங்கு கெடையாது. ஒங்களுக்கும் கெடையாது."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஈரப் புடவையோடு சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நீட்டி, கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு விரலால் வழித்து வாயில் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"வைத்தி, உப்பு எடு" என்றாள்.

அவள் கையில் உப்பு தப்பிப்போனது அன்று ஒரு நாள்தான். நான் உப்பு ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவள் ஒரு கல் உப்பு போட்டுப் பிசைந்து, கிண்ணம் காலியாகிறவரை நிறுத்தி நிதானமாகச் சாப்பிட்டாள். விரலைச் சூப்பினாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அப்புறம்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது. அண்ணா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நிலைப்படியில் ஈரக் கூடையோடு நிஸ்தாரிணி ஒரு பக்கம் என்று மூன்று பேரும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். மழை விட்டது. தூவானமும் விட்டது. மன்னி உட்கார்ந்த இடத்திலேயே, வாய் லேசாகத் திறந்தபடி, தூங்கிப்போயிருந்தாள். ஒரு சொட்டு வெளியில் வரவில்லை.

மறுநாள் சுட்ட மாங்காயோடு ஒரு பிடி சாதம் இறங்கியது. ஒரு வாரத்தில் மோர்சாதம், மாவடு. ஆனியில் அந்த மரத்துப் பழங்களில் எங்கள் பங்கு முழுவதையும் அவளே தீர்த்தாள், நான் வாய் திறக்கவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துகொண்டே சாப்பிடுவதும் மறுபடி ஆரம்பித்தது. ஆனால் நாங்கள் ஒருவரும் நிம்மதியாக இருக்கவில்லை. ஐந்தாம் மாதம் முழுவதும் அண்ணா ஆபீஸிலிருந்து மத்தியானத்தில் ஒரு தடவை நடந்து வந்து, வாசலில் நின்று அவள் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார். மன்னி இரவில் கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு எண்ணுவாள் என்று நிஸ்தாரிணி சொன்னாள். எதை எண்ணினாள் என்று தெரியாது.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. காமு என்று பெயர் வைத்தோம். நாற்பது நாள் ஆகிறவரை வீட்டில் யாரும் உரக்கச் சிரிக்கக்கூட இல்லை. நாற்பத்தோராம் நாள் காலையில் மன்னி குழந்தையை என் கையில் போட்டுவிட்டு, கிணற்றடியில் போய் நின்று ஓவென்று அழுதாள். காதில் சீழும் இல்லை, ஜொள்ளும் இல்லை என்று நிஸ்தாரிணி தினம் ஒரு முறை இறங்கி வந்து பரிசோதித்தாள்.

அந்த வாரம் அண்ணாவின் ஆபீஸ் சிநேகிதர் மனைவி ராஜலக்ஷ்மி குழந்தையைப் பார்க்க வந்தாள். நல்ல மனசுக்காரி. மன்னியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஊர்ல நாலு பேர் நாலு விதமா பேசறா. கயையில விட்டதைத் தின்னா, அதான் பொண்ணாப் பொறந்ததுங்கறா. நீங்க கவலையே படாதீங்கோ. வ்ரதமே இல்லைன்னு சாஸ்திரிகள் எழுதின கார்டு இருக்காமே? அதை எடுத்து எல்லாருக்கும் காட்டிடுங்கோ" என்றாள்.

மன்னி அவளுக்கு ஆம்சத்தோ கொடுத்து, மஞ்சள் குங்குமம் கொடுத்து அனுப்பினாள். பிறகு நேராக என்னிடம் வந்தாள்.

"அந்த சாஸ்திரிகளுக்கு நீ பதில் எழுதினியா?"

"எதுக்கு மன்னி? எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதே."

"எழுது. இப்பவே. நான் சொல்றேன்."

கார்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் உட்காரவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே சொன்னாள், நான் எழுதினேன்.

'அநேக நமஸ்காரம். கயையில் நான் விட்டது நிஜம். என் அகத்துக்காரர் சம்மதமும் இருந்தது. சித்திரை மாசம் நான் தெரிந்துதான் மாங்காய் சாப்பிட்டேன். பெண் குழந்தை பிறந்து க்ஷேமமாக இருக்கிறது.'

"என் பேர் போடவா மன்னி?" என்றேன்.

"ஒன் பேர் எதுக்கு?" என்று பேனாவை வாங்கிக்கொண்டாள். தரையில் கார்டை வைத்து, குழந்தையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பெரிது பெரிதாக 'நாகலக்ஷ்மி' என்று எழுதினாள். அந்த வீட்டிலிருந்து அதுவரை போன நூற்றுக்கணக்கான கடிதங்களில் அவள் பெயர் போட்டுப் போன கடிதம் அது ஒன்றுதான். இடம் போதாமல் கடைசி எழுத்து ஓரத்தில் மடங்கி மேலே ஏறியிருந்தது.